வெட்டுப்பட்ட வயிறு

உண்ணாமலை தன் மாமியார் ரத்தினம்மாளைக் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் பெரிய மனுஷி என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேர் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. செஞ்சி பஜார்த் தெருவில் பாத்திரக் கடை வீட்டு மருமகள் என்றால் அறுபதுகளில் எல்லோருக்கும் தெரியும். தணிந்த குரல், சிரித்த முகம், நடக்கும்போது மட்டும் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பாவம் வாயில்லாப் பூச்சி என்று நினைத்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

சிங்கவரத்தில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்த செல்லப்பனின் மகள் அவள். பாத்திரக் கடை ராஜாங்கத்துக்குக் கழுத்தை நீட்டி பஜாருக்கு வந்தாள். ராஜாங்கம் கெட்ட மனிதர் இல்லை. பித்தளைக் குடத்தை விரலால் தட்டிப் பார்த்தே அதில் விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வீட்டில் அம்மா எதிரே அந்த வாய் திறக்காது. என்ன கேட்டாலும் "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பதுதான் அவர் பதில்.

அந்த அம்மாதான் ரத்தினம்மாள். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டுப் பின்கட்டு அறையிலேயே பெற்றவள், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவள். இதற்காகவே தெருவில் அவளுக்கு ஒரு தனி மரியாதை. எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் வளையல் போடுவது ரத்தினம்மாள் கைதான். அவள் கை பட்டால் சுகப்பிரசவம் என்று தெரு நம்பியது. நம்பாதவர்களும், கூப்பிடாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பேச்சு வாங்குவது என்று கூப்பிட்டார்கள். அவளும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, என்னமோ பிள்ளைகளை எல்லாம் அவளே பெற்றுக் கொடுக்கப் போகிறவள் மாதிரி நடந்து போவாள்.

உண்ணாமலையின் முதல் குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி ஆண்டாள் தொட்டுப் பார்த்தவுடனே கையைக் கழுவிக்கொண்டு, "இது என்னால ஆவாது, வண்டியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். திண்டிவனம் போகிற வழியில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. செல்லப்பன் பேத்தியைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். ரத்தினம்மாள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"வலி தாங்க முடியாம கிழிச்சிக்கினு வந்துட்டா."

அதையாவது உண்ணாமலை விழுங்கியிருப்பாள். மாமியார் என்றால் நாலு வார்த்தை பேசத்தான் செய்வாள் என்று அம்மா வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். விழுங்க முடியாதது அடுத்த வருஷம் நடந்தது. எதிர்வீட்டில் வளைகாப்பு. உறவுக்காரிகள் ஒவ்வொருவராக வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்ணாமலையும் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டை எடுத்துக்கொண்டு மணையில் இருந்த பெண்ணிடம் குனிந்தாள். ரத்தினம்மாள் வெடுக்கென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போடாத. உன் வயித்துல கத்தி பட்டிருக்குது. அவளுக்கும் அப்படி ஆயிடப் போவுது."

கூடம் முழுக்கப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணையில் இருந்த பெண் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். உண்ணாமலைக்கு அந்தக் கை பின்வாங்கியதுதான் நெஞ்சில் தைத்தது. வளையலைத் தட்டில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். அன்றிலிருந்து தெருவில் எந்த வளைகாப்பு என்றாலும் அவளுக்கு அடுப்படிதான் இடம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அவள் கிளறிக்கொண்டிருப்பாள். கூடத்தில் பாட்டு முடிந்ததும் ரத்தினம்மாள் பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வந்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்: "உப்பு பத்தல."

உப்பு சரியாகத்தான் இருக்கும். அது ரத்தினம்மாளுக்கும் தெரியும்.

இரண்டாவது பிள்ளைக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே இடத்தில் கத்தி. இந்தத் தடவை உள்ளே போனவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. ஆண் குழந்தை. மயக்கம் தெளிந்த பிறகு லேடி டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"மேல தோல் அழகா ஆறியிருந்துச்சும்மா. அதைப் பார்த்து நானும் ஏமாந்துட்டேன். உள்ளே கர்ப்பப்பை, மூத்திரப்பை, வயித்துச் சுவர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சு. அதைப் பிரிச்சுத்தான் குழந்தையை எடுக்க வேண்டியிருந்துச்சு. சில பேருக்குத் தழும்பு தடிச்சோ, உள்வாங்கியோ இருக்கும். அதைப் பார்த்தாலே உள்ளேயும் ஒட்டியிருக்கலாம்னு நாங்க ஜாக்கிரதையா இருப்போம். உனக்கு மேல ஒண்ணுமே தெரியல."

"வலிக்குமா டாக்டரம்மா?"

"குனிஞ்சா நிமிர்ந்தா இழுக்கும். கனம் தூக்காத. மூணாவது வேணாம்."

இழுத்தது. பரண்மேல் இருக்கிற அண்டாவை எடுக்கக் கையைத் தூக்கினால், யாரோ உள்ளேயிருந்து குடலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிற மாதிரி இழுக்கும். அதனால்தான் அந்தச் சாய்வு. ரத்தினம்மாளிடம் சொன்னால் நம்ப வேண்டுமே. ஒருநாள் பின்கட்டில் உண்ணாமலை குளித்துக்கொண்டிருந்தபோது, வெற்றிலை போட வந்த பக்கத்து வீட்டுக்காரிகளை ரத்தினம்மாள் கூட்டிக்கொண்டு வந்தாள். ஈரப்பாவாடையை விரலால் கீழே தள்ளிக் காட்டினாள்.

"பாருங்கடி. நூலாட்டம் இருக்குது தையலு. இதுக்குப் போய் அண்டா தூக்க முடியலையாம். இதுக்குள்ள இன்னா வலி இருக்கப் போவுது?"

வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரிக்கவும் சிரித்தாள். உண்ணாமலை சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். இவளை ஒருநாள் இதே மாதிரி தெருவே பார்க்க நிறுத்தாவிட்டால் நான் செல்லப்பன் மகள் இல்லை என்று அப்போதே மனதுக்குள் கறுவிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தச் சிரித்த முகம்.

ராஜாங்கத்தின் தங்கை ஜெயம். மெட்ராஸில் சுந்தரமூர்த்திக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய முதல் பிரசவத்தின்போது கால் வீங்கிவிட்டது, பஸ் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்ல, ரத்தினம்மாளே மெட்ராஸுக்குப் போய் இருந்து பார்த்தாள். போனவள் சீக்கிரம் திரும்பவில்லை. ஒரு வழியாகத் திரும்பி வந்ததும் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். "ஆம்பளைப் புள்ள. சுகப்பிரசவம். வலி எடுத்ததும் தெரியல, பெத்ததும் தெரியல. எம் பொண்ணாச்சே" என்றாள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மருமகள் பக்கம் ஒரு பார்வை.

அறுபத்தாறில் ஜெயம் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். பொங்கல் முடிந்த கையோடு, எட்டு மாத வயிற்றோடு வந்து இறங்கினாள். வந்த நாளிலிருந்து உண்ணாமலைக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஜெயம் குளிக்கும்போது தட்டியை இழுத்துக் கட்டிவிட்டு ரத்தினம்மாளே தண்ணீர் ஊற்றினாள். மருமகளைக் கிட்டே விடவில்லை. செம்பை நகர்த்தினாலே தோள் வலிக்கிறது என்கிற மாமியாருக்கு இது என்ன புதுக் கரிசனம் என்று அவள் யோசித்தாள்.

ஒரு சனிக்கிழமை ரத்தினம்மாள் மகளுக்காக வேண்டிக்கொண்டு சிங்கவரம் பெருமாளைச் சேவிக்கப் போனாள். உச்சி வெயிலில் மலையடிவாரத்துப் பாறைகள் சூடேறிவிட்டன, பிள்ளைத்தாய்ச்சிக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஜெயம் தானே தட்டிக்குள் போனாள். குனிந்து தண்ணீர் மொள்ள முடியவில்லை.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்."

உண்ணாமலை உள்ளே போனாள். ஜெயம் மார்பில் கட்டிய பாவாடை ஈரத்தில் நழுவியதைப் பிடிக்கப் போனவள் கண்ணில் அது பட்டது. தொப்புளுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்த தழும்பு. நடுவில் குழிந்து, உள்ளேயிருந்து இழுத்துத் தைத்த மாதிரி சுருங்கியிருந்தது. வயிறு அத்தனை பெரிதாக உப்பியிருந்தும் அந்த இடத்துத் தோல் மட்டும் விரிந்து கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அடி சக்கை என்றுதான் உண்ணாமலைக்கு முதலில் தோன்றியது. இரக்கம் வரவில்லை, பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்து போன சந்தோஷம்.

"இது எப்ப ஜெயம்?"

ஜெயம் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "பையன் பொறந்தப்ப அண்ணி. கிழிச்சுத்தான் எடுத்தாங்க. சீழ் வெச்சு ஆறவே நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு."

"இப்ப எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல. அங்க போனா தெருவுக்குத் தெரிஞ்சிடுமாம். ஆண்டாளை வெச்சு இங்கியே பாத்துக்கலாம்னுது. மெட்ராஸ் டாக்டரு அடுத்ததும் கண்டிப்பா ஆஸ்பத்திரிலதான், வலி வர்றதுக்கு முன்னியே சேத்துடணும்னாங்க. எங்க வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சிட்டு இருக்காரு."

"ஆண்டாளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. வலி எடுத்தப்புறம் பாத்தா பாக்கட்டும், அப்ப விட்டுட்டா போயிடுவான்னு அம்மா சொல்லுது." ஜெயம் அண்ணியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "புரண்டு படுத்தா இங்க சுள்ளுனு இழுக்குது அண்ணி. உங்களுக்கும் இப்படித்தான் இழுக்குதா? எனக்கு பயமா இருக்குது."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூட உனக்கு இழுக்கிறதா என்று கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவள் ரத்தினம்மாளின் மகள். உண்ணாமலை தண்ணீரை ஊற்றி முடித்தாள்.

அன்றும் மறுநாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் எதுவுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். மாசி கடைசியில் வலி எடுக்கும், ரத்தினம்மாள் தன் மகளைத் தன் கையாலேயே அந்தப் பின்கட்டு அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைப்பாள், அப்புறம் நடக்கிறது நடக்கும். உண்ணாமலையின் கையில் ஒரு பொட்டுக் கறைகூட ஒட்டாது. மாவாட்டும்போது இதை நினைத்தாள், விளக்குத் துடைக்கும்போது நினைத்தாள். நினைப்பு இனித்தது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது, இனிக்கத்தான் செய்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடக்கப்போவதையும் நினைத்துப் பார்த்தாள். ஜெயம் செத்தால் ரத்தினம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். தெருவே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழும். மகளைப் பறிகொடுத்தவள் என்று ஊர் அவளைத் தாங்கும். சாகிற வரைக்கும் பரிதாபத்தைத் தின்று வாழ்வாள் அந்தப் பொம்பளை. சீ, அதற்கா இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன் என்று உண்ணாமலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அந்த ஈரக்கையும் ஞாபகம் வந்தது. ஜெயம் பிழைக்க வேண்டும், ரத்தினம்மாள் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

புருஷனிடம் சொல்லலாம். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். மறுநாளே ரத்தினம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு சீயமங்கலத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கேயும் ஒரு மருத்துவச்சி இருப்பாள். அதனால் உண்ணாமலை யாரிடமும் மூச்சு விடவில்லை. மாசி பிறந்ததும் ஜவுளிக்கடை வீட்டு மருமகள் மனோரமாவுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். பஜாரே திரண்டு வரும். ஆண்டாளும் வருவாள். அதற்காகக் காத்திருந்தாள்.

அன்றைக்கு ஜவுளிக்கடை வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. மனோரமா மணையில் உட்கார்ந்திருந்தாள். ரத்தினம்மாள் வழக்கம்போலச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முதல் வளையலைப் போட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டாவது எம் பொண்ணு போடட்டும். எங்க ரெண்டு பேரு ராசியும் சேரட்டும்" என்றாள். ஜெயம் தயங்கித் தயங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தட்டிலிருந்து வளையலை எடுத்தாள்.

சமையல்கட்டிலிருந்து உண்ணாமலை வந்தாள். கையில் புளிச்சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே ஜெயத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போடாத ஜெயம். உன் வயித்துல கத்தி பட்டிருக்குது."

ரத்தினம்மாளுக்கு முதலில் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை. பிறகு முகம் சிவந்தது.

"இன்னாடி ஒளர்ற? உன்னாட்டம் கிழிச்சிக்கினவளா எம் பொண்ணு? வயித்தெரிச்சல்ல பேசாத."

"நான் பேசுறது பொய்யா அத்தே?"

"பொய்தான்."

"அப்ப எனக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்." உண்ணாமலை குரலை உயர்த்தவில்லை. "ஜெயம் தலைமேல கைய வெச்சு சொல்லுங்க. மொதப் புள்ளயக் கிழிக்காமதான் பெத்தான்னு சொல்லுங்க. நான் இப்பவே உங்க கால்ல விழுந்துட்டு சிங்கவரத்துக்குப் போயிடறேன்."

பிள்ளை தலையில் கைவைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினால் அந்தப் பிள்ளை தங்காது. இது அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வளையல் ராசியை நம்பாதவர்கள்கூட இதை நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் ரத்தினம்மாள். அவள் கை எழுந்தது. வளையல் போட்டுப் போட்டுப் பேர் வாங்கிய அந்தக் கை மகளின் உச்சந்தலை வரைக்கும் போயிற்று. அங்கே போய் நின்றது. ஜெயம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கை தொடவில்லை.

"வெய்யுங்க அத்தே" என்றாள் உண்ணாமலை.

ரத்தினம்மாளின் கை தானாகக் கீழே இறங்கியது. கூட்டத்தில் ஒருத்தி, "அட பாவமே" என்றாள். அது ஜெயத்துக்காகவா ரத்தினம்மாளுக்காகவா என்று தெரியவில்லை.

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆண்டாள் எழுந்து வந்தாள். "கிழிச்சவளையா என் கையில தள்ளிவுடப் பாத்த? மறைச்சு வெச்சு, உம் மவ உசுரு போனா என் தலையிலதான வெடியும்?" என்று ரத்தினம்மாளைப் பார்த்துக் கேட்டாள். "நான் தொட மாட்டேன். நான் மட்டுமில்ல, இந்தச் சுத்து வட்டாரத்துல ஒருத்தியும் தொட மாட்டா. சொல்லி வெச்சிடறேன்."

வந்த காரியம் முடிந்தது. உண்ணாமலை கையைத் துடைத்துக்கொண்டு, ஜெயம் கீழே வைத்த வளையலை எடுத்தாள். மனோரமாவைப் பார்த்தாள். இரண்டு தடவை கத்தி பட்டவள் நான், வேண்டுமானால் கையை இழுத்துக்கொள் என்பதுதான் அந்தப் பார்வை. மனோரமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. உண்ணாமலை வளையலைப் போட்டுவிட்டு, நாத்தனாரைத் தோளில் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

விஷயம் கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும். ராஜாங்கம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். அன்றைக்கு அவர் அம்மாவைக் கேட்கவில்லை. சுந்தரமூர்த்திக்குத் தந்தி கொடுத்துவிட்டு, வாடகைக் கார் பிடித்து அதே மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். லேடி டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டு, இவளை இனி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். மாசி முடிவதற்குள் ஆப்பரேஷன் செய்தார்கள். உண்ணாமலைக்கு ஆனதைவிட நேரமாயிற்று. வெளியே வந்த டாக்டரின் முகத்தில் வேர்வை வழிந்தது.

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உள்ளே ஒரே ஒட்டல். பழைய தையல் போட்ட இடம் காகிதமாட்டம் மெலிஞ்சு போயிருக்குது. வீட்ல வலி எடுத்திருந்தா கர்ப்பப்பை வெடிச்சிருக்கும். ரெண்டு உயிரும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரத்தினம்மாள் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவை இல்லை, தலை வாரவில்லை. மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அன்னிக்கு வாயத் தெறக்கலன்னா எம் பொண்ணு போயிருப்பா உண்ணாமலை."

கும்பிட வந்த கையை உண்ணாமலை கண்டுகொள்ளவில்லை.

"உங்களைத் தெரு நடுவுல நிக்க வெக்கணும்னுதான் வாயத் தெறந்தேன் அத்தே. ஜெயத்தக் காப்பாத்தணும்னா காதோட காதா டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டனா?"

சொல்லிவிட்டு ஜெயத்தைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

பங்குனியில் மனோரமாவுக்கு அவர்கள் வீட்டுப் பின்கட்டு அறையிலேயே சுகமாகப் பிள்ளை பிறந்தது. ரத்தினம்மாள் முதல் வளையல் போட்டதால்தான் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஒருத்தியும் சொல்லவில்லை. உண்ணாமலை போட்ட இரண்டாவது வளையலைத்தான் தெரு ஞாபகம் வைத்துக்கொண்டது. நம்புவதற்கு ஒரு கை வேண்டும் தெருவுக்கு, அது யார் கையாக இருந்தால் என்ன. அடுத்தடுத்து வந்த வளைகாப்புகளுக்குக் குங்குமச் சிமிழோடு வந்தவர்கள் ரத்தினம்மாளைத் தாண்டி, "உண்ணாமலை இருக்குதா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

மறு வருஷம் ராஜாங்கத்தின் தம்பி பெண்டாட்டிக்கு அந்த வீட்டிலேயே வளைகாப்பு. ரத்தினம்மாள் கூடத்துக்கு வரவில்லை. அழைப்பவர்கள் இல்லாமல் தானே வந்து நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து புளிச்சோறு கிளறினாள். ஜெயம்கூட இரண்டு பிள்ளைகளோடு மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். உண்ணாமலை பட்டுப்புடவை கட்டி, மணையில் இருந்தவளுக்கு முதல் வளையல் போட்டாள். பரண்மேல் இருந்த குத்துவிளக்கை எடுக்கக் காலையில் கையைத் தூக்கியபோது இழுத்த இழுப்பு இன்னும் விடவில்லை. அது இனி எப்போதும் விடப் போவதில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எல்லோரையும் உபசரித்தாள்.

பாட்டு முடிந்ததும் சமையல்கட்டுக்குள் போனாள். வாசலில் நாலைந்து பெண்கள் இலை எடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். ரத்தினம்மாள் எழுந்து, மருமகளின் முகத்தைப் பார்க்காமல், ஒரு கரண்டிச் சோற்றை நீட்டினாள். உண்ணாமலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பும் காரமும் உப்பும் அளவாகச் சேர்ந்து, அந்த வீட்டில் அவள் சாப்பிட்டதிலேயே நல்ல புளிச்சோறு அதுதான்.

"உப்பு பத்தல அத்தே" என்றாள், வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.